"எங்கட வீட்டில பண்பாடு இல்லையோ?": வட மாகாணச் சித்திர ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

வட மாகாணப் பாடசாலைகளில் சித்திரம் படிப்பிக்கும் ஆசிரியர்களுக்கும், பிள்ளைகளின் சித்திரப் போட்டிகளுக்குத் தலைப்பு வைப்பவர்களுக்கும், நடுவர்களாக இருப்பவர்களுக்கும் வணக்கம்.

என் அக்கா பாசையூரில் வாழ்க்கைப்பட்டவள். அவளுடைய மூத்த மகள், எனக்குப் பெறாமகள், தரம் 9 படிக்கிறாள். போன வருடம் ஒரு சித்திரப் போட்டிக்குப் போனாள். தலைப்பு 'எமது பண்பாடு'. அவள் கீறியது தகப்பனுடைய முதுகை. மணலில் இருந்து கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருக்கிறார். முகம் தெரியாது. வெயிலில் கறுத்த அந்த முதுகுக்கு அவள் கறுப்பு நிறத்தைத் தொடவேயில்லை. மண்ணிறம், ஊதா, கடும் பச்சை எல்லாம் ஒன்றின் மேல் ஒன்றாகப் பூசி அந்தக் கறுப்பைக் கொண்டுவந்திருந்தாள். சுற்றிவர நீல நைலோன் வலை குவிந்து கிடக்கிறது. வலைக்குள் ஒரு மிதப்பில் சாய்த்து வைத்த கைத்தொலைபேசி. அதன் சின்னத் திரையில் குளிர்ச்சட்டை போட்ட ஒருவர். அவர் கனடாவில் இருக்கும் சித்தப்பா. காலையில் வலை பொத்தும் நேரத்தில்தான் அண்ணனும் தம்பியும் கதைப்பார்கள், அங்கே அப்போது இரவு.

நடுவர்களில் ஒருவர் படத்தைக் கனநேரம் பார்த்தாராம். "நல்லாய்த்தான் கீறியிருக்கிறாய். ஆனால் இதில பண்பாடு எங்க?" என்று கேட்டாராம். பிள்ளைக்குப் பதில் வரவில்லை. அன்றிரவு என்னிடம் கேட்டாள்: "சின்னம்மா, எங்கட வீட்டில பண்பாடு இல்லையோ?"

அவளுக்கு ஏதோ சொல்லிச் சமாளித்தேன். உங்களிடம் சமாளிக்காமல் பேச வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

பரிசு கிடைத்த படங்களையும் பிறகு போய்ப் பார்த்தேன். ஒவ்வொன்றிலும் உழைப்பு தெரிந்தது, அதைக் குறைத்துச் சொல்லமாட்டேன். நடுவில் யாழ், ஒரு கரையில் பனை, மறுகரையில் நல்லூர்க் கோபுரம், கீழே நாதஸ்வரமும் குத்துவிளக்கும், எங்காவது ஒரு மூலையில் குதிரையில் யாழ்ப்பாண அரசன் சங்கிலியன். பெயர்களை மறைத்துவிட்டால் எது யாருடைய படம் என்று பெற்ற தாய்க்கும் தெரியாது. என்னை வருத்தியது அதுதான். தங்கள் அடையாளத்தைக் கீறச் சொன்னோம். பிள்ளைகளோ தங்களை முழுக்க வெளியே விட்டுவிட்டு ஒரு படம் கீறித் தந்திருக்கிறார்கள்.

யாழை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் பிள்ளைகளில் யாராவது ஒரு யாழை வாசிக்கக் கேட்டிருப்பார்களா? அது வழக்கொழிந்து எத்தனையோ நூற்றாண்டுகள் ஆகிவிட்டன. விபுலாநந்த அடிகள் பல வருடம் பாடுபட்டு ஆராய்ந்து 1947இல் நூலாகத் தந்தபடியால்தான் அதன் வடிவத்தையும் சுரத்தையும் பற்றி இன்றைக்கு ஏதாவது பேச முடிகிறது. அவர் மட்டக்களப்புப் பக்கத்துக் காரைதீவைச் சேர்ந்தவர் என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லலாம். நம் பிள்ளைகள் கீறும் யாழ் அந்த ஆராய்ச்சியிலிருந்து வந்ததில்லை. பாடசாலைச் சின்னத்திலும் வரவேற்பு வளைவிலும் கலியாண அட்டையிலும் பார்த்ததைப் பார்த்துக் கீறுகிறார்கள்.

இந்தச் சின்னங்களை இகழ எனக்கு மனம் வராது. 1981இல் எங்கள் யாழ்ப்பாண நூலகம் 97,000 புத்தகங்களோடு எரிந்தது. அதற்குப் பிறகு அந்த வெள்ளைக் கட்டடத்தின் முகப்பு எத்தனை கொப்பி மட்டைகளில், எத்தனை மேடைத் திரைகளில் வந்திருக்கிறது! நாங்கள் இருக்கிறோம் என்று உரத்துச் சொல்ல வேண்டியிருந்த காலம் அது. பனையும் யாழும் அந்த வேலையைச் செய்தன. நானும் கீறியிருக்கிறேன், கண்ணீரோடு கீறியிருக்கிறேன். ஆனால் சின்னம் தூரத்தில் நிற்பவருக்குக் காட்டுவதற்கு. பதினாலு வயதுப் பிள்ளை ஒரு தாளுக்கு முன்னால் குந்தியிருக்கும்போது அவளுக்குத் தூரத்தில் யாரும் இல்லை. தகப்பனின் முதுகு ஒரு முழத் தூரத்தில் இருக்கிறது.

அடையாளத்தைக் கண்ணால் வாசிக்க நம் பிள்ளைகளுக்குத் தெரியாது என்று நினைக்காதீர்கள். நன்றாகவே தெரியும். தோரணத்தைப் பாருங்கள். நல்ல காரியத்துக்குக் கட்டுவதில் நான்கு குருவி, செத்த வீட்டில் மூன்று குருவி. தென்னோலையை மடித்துச் செய்த அந்தச் சின்ன வேறுபாட்டைப் படலையடியில் கண்டதுமே உள்ளே சிரித்துக்கொண்டு போவதா, குனிந்துகொண்டு போவதா என்று பிள்ளைக்கும் தெரிந்துவிடும். மதிலில் காவியும் வெள்ளையும் பட்டை பட்டையாக இருந்தால் அது கோயில் மதில். கரையில் நிற்கும் வள்ளங்களின் பெயரையும் நிறத்தையும் பார்த்தால் அந்தோனியாரை நம்பிக் கடலுக்குப் போகிறவரா முருகனை நம்பிப் போகிறவரா என்று தெரியும். இவற்றைச் செய்கிற கைகளை நாங்கள் ஓவியர் என்று சொல்வதில்லை, அவ்வளவுதான்.

கோயில் திரைச்சீலையை நினைத்துப் பாருங்கள். மூலஸ்தானத்துக்கு முன்னால் தொங்கும் சீலையில் வள்ளி தெய்வயானையோடு முருகனையோ, தாமரையில் இருக்கும் அம்மனையோ கீறியிருப்பார்கள். திரை விலகும் வரைக்கும் நாங்கள் கைகூப்பி நிற்பது அந்தச் சீலைக்கு முன்னால்தான். சின்ன வயதில் எங்கள் ஊர்க் கோயிலில் சாமியை விட அந்தத் திரையின் முகம்தான் எனக்குப் பழக்கமானது. பழசானதும் கழற்றிவிட்டுப் புதிது போட்டார்கள். அந்தப் பழைய முகம் எங்கே போனது, கீறியவர் யார் என்று நான் கேட்டபோது ஒருவருக்கும் தெரியவில்லை. வாகனம் செய்யும் தச்சர்களுக்கும், கடைப் பலகை எழுதியவர்களுக்கும், கூத்துக்குச் சீன் கீறியவர்களுக்கும் இதே கதைதான். உங்களில் ஒருவராவது அப்படிப்பட்ட ஒருவரை வகுப்புக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் பிள்ளைகளுக்கு முன்னால் தூரிகையைப் பிடிக்கச் சொன்னால் எவ்வளவு நன்றாக இருக்கும்.

இனி நான் சொல்லப்போவது சிலருக்குப் பிடிக்காமல் இருக்கலாம். 'எமது பாரம்பரிய வீடு' என்று ஒரு தலைப்பு அடிக்கடி வரும். பிள்ளைகள் உடனே நாற்சார் வீடு கீறுவார்கள். நடுமுற்றம், தூண்கள், திண்ணை, முன்னால் கூரை போட்ட வாசலான சங்கடப் படலை. அழகான வீடு, அதில் சந்தேகமில்லை. ஆனால் அது யாருடைய வீடு? சாதி சொல்லி அந்தச் சங்கடப் படலைக்கு அப்பால் கால் வைக்க விடப்படாதவர்களின் பேரப்பிள்ளைகளும் உங்கள் வகுப்பில்தான் இருக்கிறார்கள். அவர்களின் பாட்டன்மார் இருந்தது களிமண் சுவரும் கிடுகுக் கூரையும் போட்ட கொட்டிலில். சாணகம் மெழுகிய நிலம், மாலையில் மண்ணெண்ணெய் விளக்கு, வேலியில் பூவரசங் கதியால். அதைக் கீறினால் 'பாரம்பரியம்' என்று புள்ளி போடுவோமா? அந்தப் பிள்ளை என்ன செய்யும்? கீறத் தெரிந்த கையால், தன் ஆட்கள் வெளியே நின்ற வீட்டைத் தன் வீடு என்று கீறும். பெரியவர்கள் நாங்கள் அதைப் பார்த்துப் பரிசு கொடுப்போம். இதை எழுதும்போது எனக்கு உடம்பு கூசுகிறது.

அதே மாதிரித்தான் யாழ்ப்பாணத்து முஸ்லிம்களின் சோனகதெருப் பிள்ளையும். 1990 ஒக்ரோபர் 30ஆம் திகதி விடுதலைப் புலிகளால் சில மணி நேரத்துக்குள் வெளியேற்றப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகளில் சிலர் இன்றைக்குத் திரும்ப இங்கே படிக்கிறார்கள். அந்தப் பிள்ளையிடம் 'எமது' என்று சொல்லும்போது அவளும் அதற்குள் இருக்கிறாளா? 1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத்திலிருந்து வன்னிக்கு வந்து குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகள் கிளிநொச்சிப் பாடசாலைகளில் இருக்கிறார்கள். அம்மம்மா சொன்ன தோட்டத்து லயன் வீட்டுக் கதைகள் அந்தப் பிள்ளையின் தலைக்குள் இருக்கும். அதற்கு எந்தச் சின்னத்தை நாங்கள் வைத்திருக்கிறோம்?

ஒரு ஆசிரியையைப் பற்றிச் சொல்லவேண்டும். பொருளாதாரத் தடைக் காலம், 1992. எனக்கு வயது பதின்மூன்று. பஸ்ரல் பெட்டி கண்ணால் காணக் கிடைக்காது, நல்ல தாளும் இல்லை. எங்கள் சித்திர ரீச்சர் ஒரு நாள் ஒன்றும் கொண்டுவர வேண்டாம், வீட்டில் இரவில் எதைப் பார்த்துக்கொண்டு படிக்கிறீர்களோ அதைக் கீறுங்கள் என்றார். எல்லோரும் ஜாம் போத்தல் விளக்கைத்தான் கீறினோம். போத்தலுக்குள் கொஞ்சம் மண்ணெண்ணெய், சின்னத் திரி. நிறத்துக்கு அடுப்புக் கரி, மஞ்சள், செம்பரத்தம்பூ, பூவரசம் இலையைக் கசக்கின சாறு. நாற்பது பேர் ஒரே விளக்கைக் கீறினோம், ஒன்று மாதிரி மற்றது இல்லை. ஒருத்தி வெளிச்சத்தைப் பெரிதாக்கி விளக்கையே விட்டுவிட்டாள். இன்னொருத்தி திரிக்குப் பக்கத்தில் தம்பியின் காதை மட்டும் கீறியிருந்தாள். நான் சுவரில் விழுந்த அம்மாவின் நிழலைக் கீறினேன். ரீச்சர் ஒருவருடைய கோட்டுக்கு மேலும் தன் கோட்டைப் போடவில்லை. "இது ஆற்ற நிழல்?" என்று மட்டும் என்னிடம் கேட்டார்.

1995 ஒக்ரோபர் 30 இரவு, போரால் வலிகாமமே இடம்பெயர்ந்து நடந்தபோது அந்தப் படம் வீட்டிலேயே கிடந்தது. முஸ்லிம் சனம் போன அதே திகதி, ஐந்து வருடம் கழித்து. நாவற்குழிப் பாலத்தில் மழைக்குள் நின்றபோது அதை நான் நினைக்கவில்லை. இப்போது நினைக்கிறேன். நான் யார் என்று காட்ட இன்றைக்கு என்னிடம் ஒரு படம் கேட்டால், தொலைந்துபோன அதைத்தான் காட்டுவேன்.

அதே இடப்பெயர்வு எங்கள் ஓவியர் மாற்குவையும் யாழ்ப்பாணத்தை விட்டுப் போக வைத்தது. ஒரு வாழ்நாள் முழுக்கக் கீறிய படங்களை விட்டுவிட்டுப் போனவர், 2000ஆம் ஆண்டு காலமானார். பருத்தித்துறை ஹாட்லிக் கல்லூரியில் சித்திர ஆசிரியராக இருந்தவர், அதாவது உங்களில் ஒருவர். அதற்கு முந்தைய தலைமுறையில் எஸ். ஆர். கனகசபை 1938இல் வின்சர் ஆர்ட் கிளப்பைத் தொடங்கினார். அவரும் சித்திரக் கல்வியோடு இருந்தவர். யாழ்ப்பாணத்தின் நவீன ஓவியம் வளர்ந்தது பாடசாலைச் சித்திர அறைகளுக்குள்தான். உங்கள் அறையை நீங்களே சின்னதாக நினைக்கக் கூடாது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

மாற்கு ஒரே பாணியில் நின்றவர் இல்லை. மேற்கின் நவீன முறைகளைப் பழகி, எங்கள் மனிதர்களை அதற்குள் கொண்டுவந்தார். அவர் படித்த கொழும்பு நுண்கலைக் கல்லூரிக்கு ஒரு காலம் அதிபராக இருந்தவர் டேவிட் பெயின்ரர். கண்டி திரித்துவக் கல்லூரித் தேவாலயத்துச் சுவர்களில் பெயின்ரர் கீறிய கிறிஸ்துவுக்குத் தாடி இல்லை. சுற்றியிருக்கும் நிலமும் மரங்களும் இந்த நாட்டினுடையவை. சிலுவை நிற்பது கண்டல் மரச் சேற்றில். அதைக் கீறியபோது 'இதில் விவிலியம் எங்கே' என்று ஒருவர் கேட்டிருந்தால்? எங்கள் கண்டல் காடும் சேறும் அந்தக் கதைக்குள் போயிருக்காது.

எனக்கு இன்னும் பெரிதாகப் படுவது, ஓவியரே இல்லாத சனங்கள் கீறிய படங்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கலை வரலாறு கற்பிக்கும் ஓவியர் தா. சனாதனன், போரால் வீடிழந்தவர்களிடம் போய், விட்டுவந்த வீட்டின் நிலப்படத்தை ஞாபகத்திலிருந்து கீறித் தரச் சொன்னார். தமிழரும் கீறினார்கள், முஸ்லிம்களும் கீறினார்கள். ஒல்லாந்தர் காலத்துக் காணிப் பதிவேட்டின் பெயரான தோம்பு என்ற சொல்லைத் தலைப்பில் வைத்து அது 2011இல் நூலாக வந்தது. அதில் சனங்கள் கீறியவை கோணலும் மாணலுமான கோடுகள். அப்படிக் கீறிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அறையின் அளவு பிழைத்தாலும் கிணறு எந்தப் பக்கம் என்பது பிழைக்காது. நான் அதை வாசித்துவிட்டு அம்மாவிடம் ஒரு தாளும் பென்சிலும் கொடுத்தேன். ஒரு நாளும் படம் கீறாத மனுஷி. முதலில் கிணற்றைக் கீறினார். பிறகு தோய்க்கிற கல். பிறகு முருங்கை. வீட்டைக் கடைசியில்தான் கீறினார்.

அது அம்மாவின் அடையாளம். அதில் யாழ் இல்லை, கோபுரம் இல்லை. சைவப்பழமான என் அம்மா தன் சாமியறையைக் கூடக் கீற மறந்துபோனார்.

பெறாமகளுக்கு நான் காட்டிய இன்னொரு படம், மெக்சிக்கோ நாட்டு ஓவியர் பிரிடா காலோ 1939இல் கீறியது. இரண்டு பிரிடாக்கள் கைகோத்து இருக்கிறார்கள். ஒருத்தி ஐரோப்பிய வெள்ளைச் சட்டை, மற்றவள் தெகுவானாப் பெண்களின் உடுப்பு. இரண்டு இதயமும் வெளியே தெரிகின்றன, ஒரே நாளம் இரண்டையும் தொடுத்திருக்கிறது. தகப்பன் ஜேர்மனியில் பிறந்தவர், தாய் ஸ்பானிய வழியும் பூர்வகுடி வழியும் கலந்தவர் என்று சொன்னேன். அவள் படத்தைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "எங்கட வீட்டையும் அப்பிடித்தானே" என்றாள். அக்கா சைவம், அத்தான் வேதக்காரர். வீட்டில் அந்தோனியாரும் பிள்ளையாரும் ஒரே தட்டில் இருக்கிறார்கள். பிள்ளைக்கு அதில் குழப்பமே இல்லை. 'எமது பண்பாடு' என்று ஒருமையில் கேட்டபோதுதான் குழம்பிவிட்டாள்.

ஒன்றை மட்டும் தவறாக விளங்கிக்கொள்ள வேண்டாம். கோபுரத்தைக் கீறும் பிள்ளையை மட்டந்தட்டச் சொல்லவில்லை. வாகனம் செய்யும் தச்சரின் மகன் குதிரை வாகனத்தைக் கீறினால், உளி எங்கே பட்டது, வர்ணம் எங்கே பொருக்கு விட்டது என்று அவனுக்குத் தெரியும். அது அவன் வீட்டுப் படம். ஒவ்வொரு நாளும் தாயோடு நல்லூருக்குப் போகிற பிள்ளை அங்கே தான் கண்டதைக் கீறட்டும், கழற்றிவிட்ட செருப்புகளைக் கீறினாலும் சரி. அவர்கள் கண்டதைக் கீறட்டும், அவ்வளவுதான் கேட்கிறேன்.

சுற்றுநிருபம் மேலேயிருந்து வருகிறது, தலைப்பை நாங்கள் மாற்ற முடியாது என்று உங்களில் பலர் சொல்வீர்கள். எனக்கு விளங்குகிறது. தலைப்பு வைப்பவர்களுக்கு என் வேண்டுகோள்: 'எமது' என்று தொடங்குவதைக் கொஞ்சக் காலம் விட்டுப்பாருங்கள். 'எங்கள் படலையில் நின்று பார்த்தால்', 'வேலை செய்யும் கை', 'வீட்டில் யாரும் எறிய விடாத ஒரு பொருள்' என்று கேளுங்கள். வருவது என்ன என்று பாருங்கள். ஆசிரியர்களுக்கு: தலைப்பு பழையதாகவே இருந்தாலும் அதை வகுப்பில் விளங்கப்படுத்துவது நீங்கள்தான். கரும்பலகையில் முன்கூட்டியே ஒரு யாழைக் கீறிக் காட்டாமல் இருக்கலாம். புத்தகப் படத்தைப் பார்த்துக் கீறச் சொல்லும் நேரத்தில் பாதியை, பிள்ளைகளைத் தெருவுக்கும் கரைக்கும் கூட்டிக்கொண்டு போகச் செலவழிக்கலாம். மாற்குவின் பெயரையே கேள்விப்படாமல் சாதாரண தரத்துச் சித்திரப் பரீட்சைக்குப் போகும் யாழ்ப்பாணப் பிள்ளை இனி இருக்கக் கூடாது.

நடுவர்களுக்கு ஒரேயொரு கேள்வியை மாற்றித் தருகிறேன். பண்பாடு எங்கே என்று கேட்டவர் அதற்குப் பதிலாக, ஏன் முதுகைக் கீறினாய் என்று கேட்டிருந்தால், அவள் சொல்லியிருப்பாள். எனக்குச் சொன்னாள். அப்பா வலை பொத்தும்போது நிமிரவே மாட்டார், கனடாவிலிருக்கும் சித்தப்பாவோடு கதைக்கும்போதும் நிமிரமாட்டார், கண் கலங்குவது திரையில் தெரிந்துவிடும் என்று.

படம் இப்போது அத்தானின் வாடியில் இருக்கிறது. உப்புக் காற்றுப் படாமல் பொலித்தீன் சுற்றி, நைலோன் நூலால் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார். இந்த வருடப் போட்டிக்குப் பெயர் கொடுக்கச் சொல்லிப் பாடசாலையில் கேட்டிருக்கிறார்கள். அவள் இன்னும் கொடுக்கவில்லை. தலைப்பு என்னவென்று பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றாளாம்.

இப்படிக்கு,
அந்தப் பிள்ளையின் சின்னம்மா,
யாழ்ப்பாணம்.